மாஜிதா சொன்ன இந்தி

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த ஜெபசிங், தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் மாஜிதாவின் ரம்புட்டான் கடை முன்னால் போய் நின்றான். நாற்பது வயது ஆள் கேட்கிற கேள்வியா இது என்று சுரண்டையில் பஸ் ஏறியதிலிருந்தே அவன் மனைவி சிரித்துக்கொண்டு வந்தாள். சிரித்தால் சிரிக்கட்டும். முப்பது வருஷமாக மண்டையைக் குடைகிற விஷயம்.

“யக்கா, அந்த வாப்பா கடைசியில கெடைச்சாரா?”

தென்காசியில் அவர்கள் தெருவின் முதல் கலர் டிவி மாஜிதா வீட்டில்தான் இருந்தது. சவூதியிலிருந்து அவள் வாப்பா முகம்மது மீரான் கொடுத்தனுப்பியது. ஞாயிறு மதியம் ஆனால் தெருப்பிள்ளைகள் மொத்தமும் அதன் முன்னால். அந்த நேரத்துத் தொடரில் கையை நீட்டினால் மலையே நகரும், அப்பேர்ப்பட்ட வீரன். பேசுவது மட்டும் இந்தி. வாப்பா வெளிநாட்டில் இருப்பவளுக்கு இந்தி தெரியாமலா இருக்கும் என்று பிள்ளைகளே முடிவுகட்டிவிட்டார்கள். ஏழாம் வகுப்பு மாஜிதாவும் மறுக்கவில்லை. வீரன் வாயைத் திறந்தால் போதும், “பாலைவனத்துல தொலைஞ்ச அவன் வாப்பாவத் தேடிப் போதான்” என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஒரே ஒரு ஞாயிறு ஜெபசிங் ஆலங்குளத்தில் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டான். மறுவாரம் வந்தால் மாஜிதா கதை சொல்வதையே நிறுத்தியிருந்தாள். முடிவைக் கேட்டால், வராதவனைச் சீண்டவென்றே ஆளுக்கொன்று சொன்னார்கள்.

போன மாதம் அதே தொடரைத் தமிழ் டப்பிங்கில் போனில் பார்த்தான். அதில் பாலைவனமும் இல்லை, வாப்பாவும் இல்லை. ஏமாந்த கோபம் கொஞ்சமும் வரவில்லை. அந்தக் கதை பின்னே எங்கிருந்துதான் வந்தது?

எடை போட்டுக்கொண்டிருந்த மாஜிதா தட்டைக் கீழே வைத்தாள்.

“எனக்கு இந்தியில ஒரு எழுத்து தெரியாதுலே. நீ வராத அன்னைக்கு வாப்பா லீவுல வந்திருந்தாக. நாலு வருசம் கழிச்சு. எங்ககூடவே உக்காந்துட்டாக. அவுகளுக்கு இந்தி தண்ணிபட்ட பாடு. எனக்கு வாயே வரல. பிள்ளைக விடுமா? பாலைவனத்துல அவன் வாப்பா கெடைச்சாச்சான்னு அவுககிட்டயே கேட்டுட்டுதுக.”

“என்ன சொன்னாக?”

“டிவியப் பாக்கல. என்னையே பாத்தாக. ‘கெடைச்சிட்டாராம். இனிமே எங்கயும் போவாதீகன்னு மவன் சொல்லுதான்’னாக.”



“பெறவு போவலியா?”

“நாப்பதாம் நாளு போயிட்டாக. கார்ல ஏறயில, அவன் நெசமா என்ன சொன்னான் வாப்பான்னு கேட்டேன். வந்து சொல்லுதேன்னாக. அங்கனயே மவுத்தாகி, அங்கனயே அடக்கம்.”

 ஜெபசிங் போனை எடுத்து வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அந்த வாரத்துக் கதையும் தமிழ்ல இருக்கும்க்கா. தேடிப் போடட்டா?”

யாரோ வந்து ரம்புட்டான் கிலோ என்ன விலை என்றார்கள். மாஜிதாவின் காதில் விழவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையைப் போனை வாங்க நீட்டப் போனவள், திரும்பவும் முந்தானையைப் பிடித்துத் துடைக்க ஆரம்பித்தாள்.