தோட்டாப் பஞ்சத்தில் இறங்கிய வீடு

பாரிஸில் ரூ பஜோல் தெருவில் தோமாவின் வீடு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கத் தொடங்கியது ஒரு பெப்ரவரி மாதம். யூலை பிறந்தபோது அது தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. சுவரில் ஒரு கீறல் விழவில்லை. தண்ணீர்க் குழாய்கள் நீண்டு கொடுத்தன, மின்கம்பிகள் கூடவே வந்தன, அடுப்பில் வைத்த பால்கூடத் தளும்பவில்லை. கீழே இருந்த வீடுகள், நெரிசலான பேருந்தில் ஒருவர் இறங்க மற்றவர்கள் வழிவிடுவதைப்போல ஒதுங்கி, ஒவ்வொன்றாக மேலே போய்க்கொண்டன. தரைத்தளத்தில் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த சாவிக்கடை முதலாம் மாடிக்கு ஏறி, தன் பெயர்ப்பலகையோடு அங்கே நின்றுகொண்டது. கட்டட நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து அளந்து பார்த்தார். கட்டடத்தின் மொத்த உயரம் மாறவில்லை, ஆகவே காப்புறுதிக்குப் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோமா புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன். வரி அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் ராணுவ சேவைக்குப் போன இடத்தில் துப்பாக்கி பிடிக்கப் பழகி, அந்தப் பழக்கத்தை விடாமல், சனிக்கிழமைதோறும் ரயிலேறி ஓல்னே-சூ-புவாவைத் தாண்டியிருந்த ஒரு சுடும் கிளப்புக்குப் போவார். ஒரு பெட்டித் தோட்டாவைக் கடதாசி வட்டங்களில் சுட்டுத் தீர்த்துவிட்டு, வரும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்புவார். ஒரு காக்கையைக்கூட அவர் சுட்டதில்லை. மனைவி ரோசாலி அந்தச் சனிக்கிழமைகளைக் குறை சொன்னதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது வீட்டு வானொலி தன் கையில் இருக்கும் என்பது அவள் கணக்கு.

நாலு வருடங்களுக்கு முன்பு ரோசாலி மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. முழங்காலில் அறுவை நடந்தது, காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. அதன் பிறகு அவள் கீழே இறங்கவேயில்லை. முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்து, "ஒரே ஒரு படி, மதாம்" என்று கெஞ்சுவாள். ரோசாலி கதவைத் திறந்து படியின் விளிம்பைப் பார்ப்பாள், தலை சுற்றும், கதவைச் சாத்திவிடுவாள். தேவாலயப் பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தாள். மீனைத் தோமா வாங்கிவந்தார். ஒரு நாளும் அவள் கேட்ட மீன் வரவில்லை.

கண்டத்தின் கிழக்கே போர் தொடங்கிய பின் தோட்டாத் தொழிற்சாலைகள் ராணுவங்களுக்கே செய்யத் தொடங்கின. முதலில் விலை ஏறியது, பிறகு கடைகளில் தட்டுகள் வெறுமையாகின. கிளப்பில் ஒருவர் இனி மூன்று வருடத்துக்குத் தோட்டா வராது என்றார், அடுத்தவர் ஐந்து என்றார், தேநீர் ஆறுவதற்குள் அது பத்து வருடமாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே வாசலில் வரிசை நின்றது. வாரம் ஒரு பெட்டி சுடுகிறவர்கள் வருடத்துக்கு வேண்டியதை வாங்கினார்கள். மூன்று வருடமாகத் துப்பாக்கியைத் தொடாதவர்கள்கூட வாங்கினார்கள். தோமா முதல் நாள் இரண்டு பெட்டி அதிகமாக வாங்கினார். பிறகு மோ நகரத்துக்குப் போனார், ரூவானுக்குப் போனார், சட்டம் அனுமதித்த கடைசிப் பெட்டிவரை வாங்கினார். கையிருப்பு ஏறஏறப் பயமும் ஏறியது. படிகளில் ரோசாலியை இழந்ததுபோல இனி எதையும் இழக்கக் கூடாது என்பதுதான் அவர் மனதில் இருந்தது, ஆனால் அதை அவர் தனக்கே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. கட்டிலுக்கடியில், உடுப்பு அலுமாரிக்குப் பின்னால் என்று இரும்புப் பெட்டிகள் அடுக்கப்பட்டன. வீடு இறங்கத் தொடங்கியது.

முதலில் கண்டுபிடித்தது ரோசாலி. சன்னலுக்கு நேராக இருந்த மரத்தின் உச்சி ஒரு காலையில் காணாமல் போய், கிளைகள் தெரிந்தன.

"ஏங்க, மரம் மேல போயிருச்சு," என்றாள்.

"வசந்த காலம் வருதில்ல. வளரும்," என்றார் தோமா.

ஈஸ்டர் வந்தபோது அடிமரம் தெரிந்தது. இரண்டாம் மாடியில் குடியிருந்த அரியரத்தினம் இப்போது மூன்றாம் மாடியில் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், ரூ பிலிப்-து-ஜிராரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர் முறைப்பாடு சொல்ல வரவில்லை, நன்றி சொல்ல வந்தார்.

"அண்ணை, இப்ப எங்கட குசினிக்கு நல்ல வெளிச்சம். மனுசி சன்னல்லை கறிவேப்பிலை வைச்சிட்டா. ஆனா ஒண்டு கேக்கிறன், உங்கட வீட்டிலை ரவை எக்கச்சக்கமா கிடக்காம், அதாலைதான் இறங்குதாம் எண்டு சனம் கதைக்குது. உண்மையே?"

உள்ளேயிருந்து ரோசாலி எட்டிப் பார்த்தாள். "எங்க வீட்லயா? கேசரி கிண்டக்கூட ரவை இல்லீங்களே!"

அரியரத்தினம் சிரித்துவிட்டு, தாங்கள் துப்பாக்கிக் குண்டையும் ரவை என்றுதான் சொல்வது என்று விளக்கினார். ரோசாலி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். தோமா செருப்பைப் பார்த்தார்.

யூலையில் ஒரு காலை வீடு தெருவைத் தொட்டு நின்றது. வாசல்கதவைத் திறந்தால் நேரே நடைபாதை. ரோசாலி ரொட்டிக்காரரின் வண்டிச் சத்தம் பக்கத்தில் கேட்கிறதே என்று கதவைத் திறந்தாள். படிகளைக் காணோம். ஒரு புறா அவளை நிமிர்ந்து பார்த்தது. அவள் வீட்டுச் செருப்போடு ஓர் அடி வைத்தாள், பிறகு இன்னோர் அடி. தோமா முகம் மழித்துக்கொண்டு வெளியே வந்தபோது வீடு வெறுமையாக இருந்தது. பயந்துபோய் ஓடியவர் அவளை அரியரத்தினத்தின் கடையில் கண்டார். இந்தியா அரிசி ஏற்றுமதியை நிறுத்திய செய்தி வந்த வாரம் அது. தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியே மூட்டை மூட்டையாகப் பொன்னி அரிசி அள்ளிக்கொண்டிருந்தது. வண்டிக் கூடைகள் முட்டின, ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். அந்த நெரிசலின் நடுவில் ரோசாலி எதையும் வாங்காமல் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, எல்லாராலும் இடிபட்டுக்கொண்டிருந்தாள். அரிசி வாங்கியவர்களின் வீடுகள் எதுவும் இறங்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கோடை முழுவதும் ரோசாலி தெருவில் இருந்தாள். தனக்கு வேண்டிய மீனைத் தானே செவுளைத் திறந்து பார்த்து வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பிள்ளையார் கோயில் தேர் வந்தபோது தன் வாசலிலேயே நாற்காலி போட்டுப் பார்த்து, சிதறிய தேங்காயில் ஒரு துண்டைச் சட்னிக்கு எடுத்துவைத்தாள்.

தோமாவுக்குத்தான் நிம்மதி போயிற்று. முன்பே பணம் கட்டியிருந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்ததும் வீடு ஒரு சாண் நடைபாதைக்குக் கீழே போய், ஒரு நாய் சன்னல் வழியாகச் சோற்றுப் பானையைப் பார்த்தது. பெட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்த பிறகுதான் வீடு நடைபாதைக்குச் சமமாக வந்தது. அதனால் இனி வாங்க முடியாது. சுடவும் முடியாது, சுட்டால் பாரம் குறையும், பாரம் குறைந்தால் வீடு ஏறும், வீடு ஏறினால் ரோசாலி மறுபடி கூண்டுக்குள். அவர் கிளப்புக்குப் போவதை நிறுத்தினார். அங்கும் ஆளில்லை என்று கேள்விப்பட்டார். தோட்டா வைத்திருந்தவர்கள் தீர்ந்துவிடும் என்று வீட்டில் இருந்தார்கள், வைத்திராதவர்கள் வந்து என்ன செய்வது என்று வீட்டில் இருந்தார்கள்.

ஒருத்தி மட்டும் விடவில்லை. அரியரத்தினத்தின் மகள் மிருணாளினி அதே கிளப்பில் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள். மார்ச்சில் மாகாணப் போட்டி. கடைகளில் அவளுக்கு ஒரு பெட்டிகூடக் கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் வெறும் துப்பாக்கியைச் சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளிக்கு நேரே நீட்டி, மூச்சைப் பிடித்து, விசையை அழுத்துவாள். டிக். கையை இறக்கி மறுபடி நீட்டுவாள். டிக். அவள் தாய் இந்திராதேவிக்கு அந்தத் தட்டுப்பாடு பிடித்திருந்தது. ஊரில் கேட்ட வெடிச்சத்தம் ஏழு பிறவிக்குப் போதும், இந்தச் சத்தம் என்றால் பரவாயில்லை என்று பக்கத்திலேயே இருந்து மரக்கறி வெட்டினாள். ஆனால் அந்த டிக், கட்டடத்தின் மூன்று தளங்களையும் துளைத்துக்கொண்டு, தோமாவின் சாப்பாட்டு மேசைமேல் நேராக வந்து விழுந்தது. விழுந்த இடத்தில் சோற்றில் சின்னக் குழி விழுந்தது. முதல் நாள் ரோசாலி அதைக் கரண்டியால் நிரவினாள். சில வாரங்களில் மேசைவிரிப்பே வலைபோலாகிவிட்டது.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு பெட்டி குடுத்தா என்ன?" என்றாள் ரோசாலி.

தோமா மேசைவிரிப்பின் ஓட்டைகளை விரலால் தடவினார். அவள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசியில் சொன்னார். "குடுத்தா வீடு ஏறும். ஏறுனா நீ மறுபடி உள்ளயே கெடப்ப. எனக்குத் தோட்டா வேணாம் ரோசாலி. நீ வெளிய போறது வேணும்."

ரோசாலி கரண்டியைத் தட்டில் வைத்தாள். இந்த மனிதர் பேராசையில் அடைகாக்கிறார் என்றுதான் அதுவரை அவள் நினைத்திருந்தாள்.

"ஒரு பெட்டி குடுத்தா எவ்ளோ ஏறும்?"

"ஒரு படி இருக்கும்."

"ஒரு படி நான் ஏற மாட்டேனா?"

அடுத்த சனிக்கிழமை தோமா ஒரு பெட்டியைக் கிளப்புக்குக் கொண்டுபோய், முறைப்படி பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். மிருணாளினி அதைக் கையில் வாங்கியதும் திறக்காமல் சற்று நேரம் வைத்திருந்தாள்.

"மெர்சி, அங்கிள். ஆனா ஆன்ட்டிக்கு..." என்று இழுத்தாள். கட்டடத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

"அவதான் குடுக்கச் சொன்னா. நீ சுடு," என்றார் தோமா.

அவர் வீடு திரும்பியபோது வாசலுக்கு முன்னால் ஒரு படி முளைத்திருந்தது. ரோசாலி அதன்மேல் நின்றுகொண்டிருந்தாள். ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். பயிற்சிப் பெண் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்துவிட்டு, நாலு வருடம் தான் சொன்னதை ஒரு படி எப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பெட்டி போனது, ஒரு படி வந்தது. விளிம்பைப் பார்த்தால் தலை சுற்றுகிற உயரம் ஒன்று எங்கோ இருந்தது, ஆனால் வீடு அதை அவளுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாகத் தாண்டிக்கொண்டிருந்தது.

நவம்பரில் ஒரு மழைநாள், படி திரும்புகிற இடத்தில் ரோசாலிக்குக் கால் பின்னிக்கொண்டது. விழவில்லை. ஆனால் அங்கேயே உட்கார்ந்து, மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தோமா அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். அந்தச் சனிக்கிழமை பெட்டி போகவில்லை, அடுத்ததும் போகவில்லை. மேலிருந்து டிக் சத்தமும் வரவில்லை. மேசைவிரிப்பு பழுதாகும் என்று மிருணாளினியே நிறுத்திவிட்டிருந்தாள். மூன்றாவது வாரம் அவள் இறங்கி வந்து கதவைத் தட்டினாள்.

"அங்கிள், நான் போட்டிக்கு அடுத்த வருசம் போறன். ஓம், உண்மையாத்தான். அவசரமில்லை."

தோமா வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ரோசாலி எழுந்து வந்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கினாள். திரும்புகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். தெருவரைக்கும் போனாள். திரும்பி ஏறும்போது கையை விட்டுவிட்டு ஏறினாள்.

"நீ இந்த வருசமே போ," என்றாள் மேலே வந்து சேர்ந்ததும்.

அதற்குள் கிளப்புக்குச் செய்தி பரவியிருந்தது. தோமா கொடுத்தார் என்றதும் மற்றவர்களும் ஆளுக்கொரு பெட்டியாகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவர்கள் வீடுகளும் இறங்கினவா என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். ஒரு பூட்டிய அலுமாரியில் எல்லாம் பொதுவாக வைக்கப்பட்டன. போட்டிக்குப் போகிறவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்குப் பிறகு. சனிக்கிழமைகளில் மறுபடி ஆட்கள் கூடினார்கள், தேநீர் ஆறியது, யாரும் வருடங்களை எண்ணவில்லை.

மார்ச் போட்டியில் மிருணாளினி ஆறாவதாக வந்தாள். இந்திராதேவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முதல் தடவையாக மகள் சுடுவதைப் பார்க்க வந்திருந்தாள். முதல் வெடிக்குக் கண்ணை மூடினாள். பாதியில் திறந்தாள். கடைசிச் சுற்றில் பஞ்சு அவள் கையில் இருந்தது.

வசந்தத்தில் கடைகளுக்குத் தோட்டா மெல்ல வரத் தொடங்கியது. தோமா வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினார். வீடு அப்போது முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், முன்பு எந்த மாடியும் இல்லாத இடத்தில் நின்றது. சாவிக்கடை கீழே இறங்கித் தன் பழைய இடத்துக்குப் போய்விட்டது. தபால்காரர் முதலாம் மாடி ஏறி, இன்னும் கொஞ்சம் ஏறினார். ஒரு ஞாயிறு ரோசாலி பூசை முடிந்து தனியே வந்து சேர்ந்தாள், மேல்கோட்டைக் கழற்றினாள், சன்னலுக்குப் போய் வெளியே பார்த்தாள்.

"இங்க வெளிச்சம் பத்தல," என்றாள். "கட்டிலுக்கடியில இன்னும் எத்தினி பெட்டி இருக்கு?"

தோமா குனிந்து பார்த்துச் சொன்னார்.

"எல்லாத்தையும் குடுத்துருங்க. அரியரத்தினம் வீட்ல கேட்டுட்டேன். கறிவேப்பிலைக்கு ரெண்டாம் மாடி வெயிலே போதுமாம்."

அந்தக் கோடைக்குள் வீடு மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. ரோசாலி காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் இறங்கி ஏறுகிறாள். தோமா பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார்.