மூன்று போர்க்களமும் ஒரு காப்பும்

மாதேஷ் ஞாயிறு தவறாமல் காரைத் துடைப்பான். துடைத்து முடித்ததும் உள்ளே உட்கார்ந்து ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, அணைத்துவிட்டு இறங்கிவிடுவான். கேட்டால் பேட்டரி இறங்கிவிடுமாம். ஓசூருக்குக் கம்பெனி வேனிலும் மற்ற இடத்துக்கெல்லாம் பஸ்ஸிலும் போகிறவனுக்கு பேட்டரி மேல் அப்படி என்ன பாசம் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

போன ஆடியில் சூளகிரி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கிரானைட் ஏற்றிய லாரி ஒன்று அவன் காரை உரசிக்கொண்டு போனது. பக்கக் கண்ணாடி உடைந்ததோடு சரி. பின்சீட்டில் இருந்த மகள் பிரியாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே மாதேஷுக்கு உள்ளங்கை வேர்த்தது. யாரும் பார்க்கும் முன் வேட்டியில் துடைத்துக்கொள்வான். பன்னிரண்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், பயமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வான்? சொல்லவில்லை.

சும்மா இருந்த சங்கதியை அவன் வாயே கெடுத்தது. ஒன்பதாவது படிக்கும் பிரியா ஒருநாள் சாப்பிடும்போது மைசூர்ப் போர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, முழுப்பரீட்சை லீவில் அந்த இடத்துக்கெல்லாம் காரில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். மறுநாளே சுவரில் ஒரு வரைபடம் ஏறியது. ஸ்ரீரங்கப்பட்டணம், பொள்ளிலூர், ஹைதர் அலி முற்றுகையிட்ட வந்தவாசி. மூன்று பகல், இரண்டு ராத்திரி. மனைவி சுஜாதா முறுக்குக்கு மாவு அரைத்தாள். மாதேஷ் வெள்ளிக்கிழமையிலிருந்து லீவு போட்டான். போட்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லப் போவான், வரைபடத்தைப் பார்ப்பான், திரும்பி வந்துவிடுவான்.

புதன்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயில் மைக் கரகரத்தது. தர்மகர்த்தா திம்மராயன் பேசினார். "நாளைக்கு அம்மனுக்கு காப்பு கட்றோம். கட்டினதுக்கப்பறம் திருவிழா முடியற வரைக்கும் ஊர்க்காரங்க யாரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது."

திருவிழா நாள் குறித்த ஊர்க்கூட்டத்துக்கு மாதேஷ் போகவில்லை. அன்று அவனுக்கு பி ஷிப்ட். கம்பெனி காலண்டரைப் பார்த்து லீவு போட்டவன் அம்மன் காலண்டரை மறந்துவிட்டான். மறந்ததற்காக இத்தனை சந்தோஷப்பட்டவன் அந்த ஊரிலேயே இருந்திருக்க மாட்டான். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பிறகுதான் மகள் ஞாபகம் வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

பிரியா வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"அப்ப கார்ல போக வேணாம் இல்லப்பா?"

ஏன் அப்படிக் கேட்கிறாள் என்றான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அந்த லாரி இடிச்சதுல இருந்து கார்ல ஏறவே பயமா இருக்கு. நீ வாராவாரம் வண்டிய ஆசையா தொடைக்கற. சொன்னா மனசு கஷ்டப்படுவயேன்னுதான் சொல்லல."

மாதேஷ் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தான்.

"எனக்கும் பயந்தான் பாப்பா. உன்னை விட அதிகமா."

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த சுஜாதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த வீட்டில் வாய் இருப்பது தனக்கு மட்டும்தானா என்று கேட்டுவிட்டு, இவ்வளவு முறுக்கையும் யார் தின்பது என்று கவலைப்பட்டாள். அதற்கு பிரியாவிடம் பதில் இருந்தது. ஹைதர் அலி காலத்துச் சண்டை நடந்த காவேரிப்பட்டணம் பக்கத்தில்தானே இருக்கிறது? ராயக்கோட்டையும் அப்படித்தான். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம், அம்மனுக்கும் குறையில்லை.

வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரி பஸ்ஸில் மூன்று பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. முறுக்குப் பை சுஜாதா மடியில். சூளகிரி மேம்பாலத்தில் ஒரு கிரானைட் லாரி ஜன்னலை ஒட்டிக் கடந்தபோது பிரியா சட்டென்று அப்பாவின் கையைப் பிடித்தாள். அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. அவளுடையதும்தான். இந்தத் தடவை அவன் கையை இழுத்து வேட்டியில் துடைக்கவில்லை.