சேலையும் துண்டும்

புதரில் சேலை கிடந்தால் வெந்நீர்க் குட்டையில் பெண்கள் குளிக்கிறார்கள். துண்டு கிடந்தால் ஆண்கள். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போகிற எல்லோருக்கும் இது தெரியும். காசு கிடையாது, காவல் கிடையாது. அந்த வழக்கம் ஒன்றுதான். பானுப்பிரியா மாற்றுச்சேலையைப் புதர்மேல் விரித்தாள். சற்று நின்றாள். பிறகு புருஷன் சோணையின் தோளிலிருந்த துண்டை உருவி, சேலைக்குப் பக்கத்திலேயே போட்டாள்.

ஜீப்பு ஓட்டுகிற விஜயகுமார்தான் சோணையை முதுகில் சுமந்து வந்து பாறையில் உட்கார வைத்திருந்தான். "லோடு எறக்கிட்டு வந்துர்றேன் யக்கா. வெரசா முடிங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

நிழல்மரத்தில் கிளை கழிக்க ஏறிய சோணை விழுந்தது சித்திரையில். இப்போது ஆடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மதுரையில் பெரிய டாக்டர், வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார். அதன்பிறகு எண்ணெய், தாயத்து, நேர்த்திக்கடன். இனி இந்தத் தண்ணீர். இதற்குமேல் போக அவளுக்கு இடம் தெரியவில்லை.

அக்குளில் கைகொடுத்து அவனை நகர்த்தினாள். கால்கள் தண்ணீருக்குள் இறங்கின. குட்டை முழுக்க வெள்ளையாக ஆவி நின்றது.

"எதாச்சும் தெரியுதா?"

அவன் ஆவியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"சுடுது," என்றான்.

"என்ன சொன்ன?"

"சுடுதுடி. வெரலுகிட்ட."

அவள் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கால்களைப் பார்க்கக் குனிந்தாள். கணுக்காலில் ஓர் அட்டை. வழியில் ஏறியிருக்க வேண்டும். தண்ணீருக்குள் நிதானமாக ரத்தம் குடித்துப் பருத்துக்கொண்டிருந்தது.

வெந்நீர் பட்டால் அட்டை சுருண்டு விழுந்துவிடும். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

தண்ணீருக்குள் கையை விட்டாள். ஐஸாக இருந்தது. மேல்பக்கம், நேற்றைய மழையில் ஓடை கரையை உடைத்துக் குட்டைக்குள் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர்மேல் நின்றது ஆவியல்ல, மலையில் இறங்கும் மூட்டம். ஏலக்காய் எடுக்கும்போது தினமும் அவள் சேலையை நனைக்கிற அதே மூட்டம்.

"ரொம்பச் சுடுதா?" என்று கேட்டாள்.

"தாங்குற சூடுதான். இருக்கட்டும்."

கீழே பாதையில் பெண்களின் குரல்கள்.

"மேல யாரு? சேலையும் கெடக்கு, துண்டும் கெடக்கு. ஆம்பளையா, பொம்பளையா?"

"புருசன் பொண்டாட்டி போலடி. வீட்ல வெந்நி வைக்க வெறகு இல்லையாக்கும்!" சிரிப்பு எழுந்தது. "ஏ தாயி, தண்ணி சூடா இருக்கா?"

சோணை திரும்பி அவள் வாயையே பார்த்தான்.

"கொதிக்குது ஆத்தா!" என்று பானுப்பிரியா கத்தினாள். "செத்த இருந்து வாங்க."

காற்று எழுந்தது. தண்ணீரைவிட்டு மூட்டம் நகரத் தொடங்கியது. அவன் பார்வை தண்ணீருக்குள் இறங்குமுன் அவள் சட்டென்று குனிந்து, நீருக்கடியில் அவன் கணுக்காலை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அட்டை விரலிடுக்கில் வழுக்கியது. அவள் விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன.