மூணு இருக்கு, சொல்றது ரெண்டு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. 1986-இல் மலேசியாவின் ஈப்போ நகரிலிருந்த ஒரு பல்கலைக்கழகக் கிளையின் கேண்டீனில், நவமணி தன் தோழி மங்களத்திடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து மேசை.

முதல் தொடக்கம்: சுண்ணாம்பு மலைகளின் மேல் பனி மெல்ல...

(வேண்டாம். மலை இங்கே அழகுக்கு இல்லை. வானொலி அலையை மறிக்கிறது, அவ்வளவுதான்.)

2

நவமணி இறுதியாண்டு மாணவி. மூன்று கம்ப்யூட்டர்களைக் கம்பியில்லாமல் பேசவைப்பது அவள் ஆய்வு. அவற்றுக்குப் பெயரே ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று வளாகத்தில், இரண்டு மலையோரப் பள்ளியில், மூன்று மலைக்குப் பின்னால், துண்டு போட்டு விற்ற ரப்பர் தோட்டத்தின் கிளினிக்கில். எல்லாம் சேர்ந்து பேசினால் எதுவும் கேட்காது. அதனால் ஒன்று பெயர் சொல்லிக் கூப்பிடும், கூப்பிட்டது மட்டும் பதில் சொல்லும். தோட்டத்தில் விடியலில் கணக்கெழுதும் கிராணி ஆட்களைப் பெயர் கூப்பிடுவாரே, அந்தப் பெரட்டு இதேதான். புரோகிராமில் அந்தப் பகுதிக்கு அவள் வைத்த பெயரும் பெரட்டு.

பெரட்டுக்கு ஒருத்தி வரத் தாமதமானால் பக்கத்தில் நிற்பவள் "இருக்கேங்க" என்று குரல் கொடுப்பாள். இல்லாவிட்டால் பெயர் வெட்டு, அன்றைக்கு வேலை இல்லை. ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிய நவமணியின் அம்மா, பெயர் பாப்பா, அப்படிப் பலருக்குக் குரல் கொடுத்தவர். மகள் அதையும் எட்டு வரியில் எழுதிவிட்டாள். மலை மறித்து மூன்றின் குரல் வராவிட்டால், கடந்த பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டிருந்த இரண்டு, அதற்காகப் பதில் சொல்லும்.

3

விரிவுரையாளர் கார்த்திகேசு ஒரு கொடூரமான...

(அடித்துவிட்டேன். அவர் கெட்டிக்காரர். சிக்கலே அதுதான்.)

சோதனை நாளன்று அவளுக்குத் தெரியாமல் மூன்றின் பேட்டரியைக் கழற்ற வைத்தார். திரையில் அப்போதும் வந்தது: மூன்று, இருக்கேன்.

"பொய்ப் பதில்," என்றார், ஆங்கிலத்திலிருந்து சட்டென்று தமிழுக்குத் தாவி. "எங்கப்பா கிராணி. இந்தக் கள்ளக் குரலப் புடிக்கிறதே அவர் வேல. திங்கக்கிழமைக்குள்ள அந்த எட்டு வரிய எடு. இல்லன்னா ஃபெயில்."

"பத்து நிமிஷம் பொறுக்குது சார், அவ்ளோதான். ஒரு தடவ சத்தம் வரலன்னா உடனே பேர வெட்டணுமா?"

"செத்த மிஷினுக்கு ஆள் வச்சு ஆமா போடுவியா?"

அவள் நேரே கேண்டீனுக்கு வந்தாள்.*

* அவர் கேட்டது நியாயம்தான். கிளினிக்கில் ஓர் உயிர் ஊசலாடும்போது பத்து நிமிடப் பொய் சின்னப் பொய்யல்ல. இந்த இடத்தில் அவள்மேல் எனக்கே சந்தேகம் வந்து, ஒரு வாரம் எழுதாமல் கிடந்தேன்.

4

முடிவு அ: எட்டு வரியை எடுத்துவிட்டுப் பட்டம் வாங்குகிறாள். மங்களமும் இதைத்தான் சொன்னாள்: "எடுத்துட்டு பாஸ் பண்ணு லா. யாரு பாக்கப்போறா?"

முடிவு ஆ: கார்த்திகேசுவின் மனம் இளகி, அவர் கண்கள்...

(சீ. நானே நம்பவில்லை.)

கேண்டீனில் நான் கேட்ட கடைசிப் பேச்சு இது. நவமணி எழுந்து நின்றுவிட்டிருந்தாள்.

"எடுக்க மாட்டேன் மங்களம். ஒரு வரி சேக்கப்போறேன். இனிமே மூணு மாதிரி ரெண்டு பேசாது. 'மூணு இருக்கு, சொல்றது ரெண்டு, கேட்டு இத்தன நிமிஷம் ஆச்சு'ன்னு தன் பேரச் சொல்லியே சொல்லும். எங்கம்மா ஒளிஞ்சு நின்னு சொன்னாங்க. நான் பேர் போட்டுச் சொல்றேன். வெட்டுறவரு என் பேரையும் சேத்து வெட்டட்டும்."

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். மதிப்பெண்ணை நீங்களே போடுங்கள். ஃபெயில் என்று போடுகிறவர்கள் மட்டும், கீழே தங்கள் பெயரையும் எழுத வேண்டும்.