கிருபாமலரின் சல்வியா

...இல்லை, ஜன்னலைத் திறந்தது பிழைதான், ஆனால் திறக்காமல் எப்படி இருப்பது, அறைத்தோழர் ஜெயசிங்கம் அண்ணை மீன் பொரிக்கிறார், பக்கத்திலேயே செடி, மெக்சிக்கோ மலைச் சனங்கள் வழிபாட்டுக்கும் வைத்தியத்துக்கும் எடுக்கிற சல்வியா என்று மாலைத் தோட்டக்கலை வகுப்பில் ஆசிரியை மார்கிரட் சொன்னதிலிருந்து எனக்கு அது துளசி மாதிரி, துளசிக்குப் பக்கத்தில் யாராவது மீன் பொரிப்பார்களா... "உங்கட சாமி மெக்சிக்கோவிலயும் மச்சம் தின்னாதோ, தம்பி?" என்று அண்ணை சிரித்தார். புகை தங்கக்கூடாதென்று, ஈரம் காக்கச் செடியை மூடியிருந்த பிளாஸ்டிக் பையையும் நானே கழற்றினேன், ஜன்னலை மூடாமலே படுத்துவிட்டேன், மாசி மாதக் குளிர், டென்மார்க்கின் இந்த அல்பர்ட்ஸ்லுண்டில்... காலையில் இலைகள் அவித்த கீரை போலத் தொங்கின.

செடி என்னுடையதாக இருந்தாலாவது பரவாயில்லை. வகுப்பில் என்னோடு படித்த கிருபாமலருக்குக் கிடைத்த கிளை அது, தூரத்து ஓகூஸ் நகரில் முதியோர் இல்ல வேலைக்குப் போகும்போது என்னிடம் தந்தாள், வேர் பிடிச்சால் சொல்லுங்கோ, வந்து எடுக்கிறன் என்றாள். குவளைத் தண்ணீரில் வெள்ளை வேர் வந்தபோது நான் சொல்லவில்லை, மண்ணுக்கு மாற்றியும் சொல்லவில்லை, இன்னும் உறுதியாகட்டும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன், உறுதியானால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள், பிறகு எதற்கு இந்தப் பக்கம் வருவாள்? போன கிழமைதான் சொல்ல வாய் வந்தது. சனிக்கிழமை வருகிறேன் என்றாள். வருகிறவளிடம் எதைக் காட்டுவது? தண்டின் அடி கறுத்துவிட்டது, நுனியில் மட்டும் பச்சை, கணுவுக்குக் கீழே வெட்டினேன், கத்தியைக் கழுவினேனா, கழுவினேன், மறுபடி கழுவி மறுபடி வெட்டினேன், அதனால் தண்டு இன்னும் குட்டையாகிவிட்டது, பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைத்தேன், விதை போட்டு வளர்க்கிற செடியில்லை, இந்த நுனி வேர்விடாவிட்டால் அவளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை...

நடையில் தொலைபேசி அடித்தது. "பாலேந்திரா, அவள்தான்!" என்று அண்ணை கத்தினார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், மீன், ஜன்னல், குளிர், புதிதாக வேர்விட இன்னும் நாளாகும், மன்னிக்கவும். சிரிப்பாள் என்று நினைத்தேன், வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள், மீனுக்கும் செடிக்கும் என்ன என்று கேட்பாள்...

"அப்ப சனிக்கிழமை நான் வரவேண்டாமோ?" என்றாள்.

நுனி பிழைக்குமா என்று அவள் கேட்கவில்லை, செடியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, நான்தான் இத்தனை நேரமும் செடி, செடி என்று...