சூவிலாவில் கதவு தட்டுவது

சூவிலாவில் ஒரு கதவைத் தட்டினால் அது வீட்டுக்குள் கேட்க நாற்பத்திரண்டு நாள் ஆகும். அழைப்பு மணிக்கும் அதே கணக்குதான். வெளியே நின்று ஏதாவது சொன்னால் அந்தப் பேச்சும் தட்டலோடு சேர்ந்து மெதுவாக உள்ளே போகும். அங்கே மரம் மிகவும் அடர்த்தியானது.

நான் அங்கே போனது மார்மன் சபையின் ஊழியத்துக்காக. அப்போது வயது பத்தொன்பது. சொந்த ஊர் கோயம்புத்தூர், கணபதி. பின்லாந்துக்கு இரண்டு வருடம் என்று கடிதம் வந்தபோது, எங்கள் வீட்டில் யாருக்கும் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. ஊழியத்துக்குப் போகிற பையன்களை எங்கள் சபையில் 'எல்டர்' என்று அழைத்து, பின்னால் குடும்பப் பெயரைச் சேர்ப்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அதனால் ரூபன் என்கிற நான் எல்டர் மயில்சாமி ஆனேன். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் அப்பாவின் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தேன். அப்பா மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர். சபைப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை.

திங்கட்கிழமை மட்டும் வீட்டோடு பேசலாம். முதல் திங்களிலேயே அம்மா சொன்னாள்: "உங்கப்பன் ஒரு நாளைக்கு இருபது தடவ திரும்பித் திரும்பிப் பாக்கறாரு கண்ணு. அவரு பேரச் சொல்லி ஆரோ கூப்புடறாங்களாமா."

"என்னயத்தாம்மா கூப்புடறாங்க."

"கூப்புடட்டும். ஆனா சோத்து நேரத்துல வேண்டாம்னு சொல்லிப்போடு."

நான் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அவர்களும் மதியம் இரண்டு மணி நேரம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஊழியத்தில் யாரும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இருவர். என்னோடு போட்டிருந்தது சமோவாத் தீவைச் சேர்ந்த எல்டர் லெயோட்டாவை. என்னை விட ஒரு வயது பெரியவன். தோள்கள் கதவை விட அகலம், அதனால் எந்த வீட்டுக்குள்ளும் பக்கவாட்டில்தான் நுழைவான். நாங்கள் இருவரும் செப்டம்பர் மூன்றாம் தேதி, புதன்கிழமை, நாலே கால் மணிக்கு, சூவிலாவில் பேருந்தை விட்டு இறங்கினோம். கதவு விஷயம் எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு உடனே தெருவில் இறங்கிவிட்டோம். பத்து வீடு தட்டியிருப்போம். ஒன்றும் திறக்கவில்லை. நாங்கள் இரண்டு வீடு தாண்டிப் போன பிறகு, நாங்கள் தட்டாத ஏதோ ஒரு கதவு பின்னால் திறக்கும். ஒருவர் எட்டிப் பார்ப்பார், தெருவில் எங்களைப் பார்த்து இரண்டு நிமிடம் நிற்பார், சாத்திக்கொள்வார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று மாதம் மனப்பாடம் செய்த பின்னிஷ் மொழி வாயிலேயே காய்ந்துவிட்டது. கடைசி வீடு மேட்டின் உச்சியில், மஞ்சள் நிறக் கதவு. லெயோட்டா மூச்சு வாங்கிக்கொண்டு கீழேயே நின்றுவிட்டான். நான் ஏறிப்போய் மூன்று முறை தட்டினேன். பிறகு நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். தமிழில்தான் வந்தது. கைக்கடிகாரத்தில் நாலு நாற்பது.

அன்று சாயங்காலம் சமையலறை அலமாரியில் நோட்டுப் புத்தகம் கிடைத்தது. எங்களுக்கு முன் அங்கே இருந்த எல்டர் விட்லாக்கும் எல்டர் பார்ரோஸும் வைத்துவிட்டுப் போனது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வீட்டைத் தட்டினார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: "நாங்கள் தட்டிய கதவுகளின் முன் நாற்பத்திரண்டாம் நாள் அதே நேரத்தில் போய் நில்லுங்கள். நடுவில் அடுத்து வருபவர்களுக்காகத் தட்டுங்கள்."

அப்படியே செய்தோம். ஆறரைக்கு எழுந்து, வேதம் படித்து, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, ஒன்பதரைக்கு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்புவோம். மீன் தெரு எட்டாம் எண், பத்து இருபது. குறித்த நிமிடத்தில் கதவு திறக்கும். அந்த ஊர் வழக்கப்படி, கதவு திறக்கும்போது யார் எதிரில் நிற்கிறாரோ அவர்தான் தட்டியவர். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ஒரு வீட்டின் முன் பார்ரோஸ் தும்மியிருந்தான். செப்டம்பர் பன்னிரண்டில் அந்த வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்து, லெயோட்டாவைப் பார்த்து, "உடம்பைப் பார்த்துக்கொள் தம்பி" என்றார். லெயோட்டா நன்றி சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

நான் பெரும்பாலும் விட்லாக்காக இருந்தேன். விட்லாக் வாக்குக் கொடுப்பதில் தாராளமானவன். படகு என்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஓஸ்மோ ஹக்காலா என்பவரின் கதவுக்கு வெளியே, "உங்கள் விறகையெல்லாம் அடுக்கித் தருகிறேன் ஐயா" என்று சொல்லியிருந்தான். மூன்று நாள் அடுக்கினேன். ஓஸ்மோ காபி கொண்டுவந்தார். எங்கள் சபையில் காபி குடிப்பதில்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"டீ?"

"அதுவும் இல்லைங்க."

"உனக்கு ரொம்பக் கஷ்டமான வாழ்க்கை, விட்லாக்."

நான் கோவைக்காரன், டிகிரி காபி வாசனையில் வளர்ந்தவன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது. சொன்னாலும் அது விட்லாக்குக்குப் பொருந்தாது. மார்மன் நூலைப் பற்றிய பாடத்தைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யோசித்து ஆறு வாரத்தில் பதில் சொல்வதாகச் சொன்னார். அந்தப் பதில் யாருக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் சூவிலாவில் எந்த எல்டரையும் ஆறு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. அங்கே தன் தட்டலுக்கு ஒரு கதவு திறப்பதைப் பார்த்த எல்டர் ஒருவரும் இல்லை. நாங்கள் தட்டுவது வேறொருவருக்கு. எங்களுக்குத் திறப்பது வேறொருவருடையது. சில ராத்திரி படுக்கையில் இதை யோசிப்பேன். வீட்டில் ரூபன், சட்டையில் மயில்சாமி, கதவுக்கு எதிரில் விட்லாக். யாராவது பேர் கேட்டால் சட்டையைக் குனிந்து பார்த்துத்தான் சொல்வேன்.

நான்காவது வாரம் விறகு அடுக்கி முடிந்ததும் ஓஸ்மோவிடம் மேட்டு வீட்டைப் பற்றி விசாரித்தேன்.

"மஞ்சள் கதவா? ஹெல்வி ரன்தலா. துறைமுக ஆபீஸில் தண்ணீர் ஆழம் அளக்கிற வேலை. தனி ஆள். மேடு ஏறணும்னு அங்கே யாரும் தட்டுறதில்ல. நாலு வருஷமாச்சு. ஏன் கேக்கற?"

"சும்மாத்தான்."

"தட்டிட்டு ஆள் நிக்காமப் போயிடக் கூடாது. தெரியும்ல? திறந்து பார்த்து எதிரில் யாருமே இல்லைன்னா, அந்தக் கதவு செவிடாயிடும். அப்புறம் எந்தத் தட்டலும் உள்ளே போகாது. என் தம்பி வீடு அப்படித்தான் ஆச்சு. இப்ப நான் போனாக்கூட ஜன்னல்ல கல் எறிஞ்சுதான் கூப்பிடணும்."

எங்கள் தட்டல்களை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் நான்தான் எழுதிவந்தேன். அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஊழியக்காரன் சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு. நான் பிச்சைக்காரனைப் போல, அதுவும் தமிழில், தண்ணி கேட்டிருந்தேன். அடுத்து வருகிறவர்கள் அதைப் படிப்பதில் எனக்கு வெட்கம்.

நாற்பத்திரண்டாவது நாள் அக்டோபர் பதினைந்து. அன்றைக்கே எங்களுக்கு மாற்றல். பேருந்து ஒன்றே ஒன்றுதான், நாலு பதினைந்துக்கு. தட்டல் கேட்கப்போவது நாலு நாற்பதுக்கு.

மிஷன் தலைவருக்குப் போன் செய்தேன். அன்பான மனிதர். முழுவதையும் கேட்டார்.

"தன் தட்டலுக்குத் தானே காத்திருக்க இதுவரை யாரும் அனுமதி கேட்டதில்லை எல்டர். தடை இருக்கிறதா என்று பார்த்தேன். தடையும் இல்லை, அனுமதியும் இல்லை."

"அப்ப நான் என்ன செய்யட்டுங்க?"

"தோழரைக் கேளுங்கள். நீங்கள் இருந்தால் அவரும் இருந்தாக வேண்டும்."

அதுதான் சிக்கல். லெயோட்டாவை மாற்றியிருந்த ஊரில் ஒரு சமோவாக் குடும்பம் இருந்தது. அவர்கள் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவனை அழைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் அந்தக் குடும்பம் நாட்டுக்கே திரும்பிப் போகிறது. பதினான்கு மாதமாக அவன் தன் மொழியை வாய்விட்டுப் பேசியதில்லை. குளியலறையில் மட்டும் பேசிக்கொள்வான்.

புதன்கிழமை நிறுத்தத்தில் பெட்டிகளோடு நின்றபோதுதான் அவனிடம் சொன்னேன். அதுவரை வாய் வரவில்லை.

"உண்மையில் நீ என்ன சொன்னாய் அந்தக் கதவிடம்?"

சொன்னேன்.

பேருந்து வந்தது. அதிலிருந்து எங்களுக்கு அடுத்து வந்த இரண்டு எல்டர்கள் இறங்கினார்கள். கன்னத்தில் ரோமம்கூட இல்லை. நோட்டுப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்தேன். லெயோட்டா பெட்டிகளை ஏற்றினான், உட்கார்ந்தான், இடது காலின் ஷூவைக் கழற்றி இருக்கையின் மேல் வைத்தான், இறங்கி வந்துவிட்டான்.

ஓட்டுநர் ஒரு பெண்மணி. கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "யாருடைய ஷூ?"

"என்னுடையது" என்றான்.

"ஒற்றை ஷூவோடு பேருந்தை எடுக்கக் கூடாதே."

"தெரியும் மேடம். வந்துவிடுகிறேன்."

அவள் என்ஜினை அணைத்து, செய்தித்தாளைப் பிரித்தாள். பயணிகள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் மேடு ஏறினோம். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ். லெயோட்டா நொண்டி நொண்டி வந்தான். இந்த முறை கீழே நிற்கவில்லை.

நாலு முப்பத்தெட்டுக்கு மஞ்சள் கதவின் முன் நின்றோம். நான் டையைச் சரிசெய்தேன். வாயில் பின்னிஷ் வாக்கியம் தயாராக இருந்தது. இந்த ஊரில் முதல் முறையாக நான் நானாக ஒரு கதவுக்கு எதிரில் நிற்கிறேன் என்று நினைத்தேன்.

நாலு நாற்பதுக்குக் கதவு திறந்தது. ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. ஆபீஸ் உடையிலேயே இருந்தார். கையில் கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர். நான் தமிழில் சொன்னதைக் கேட்டுத்தான் கொண்டுவந்திருந்தார். எந்த மொழியும் மரத்துக்குள் அத்தனை நாள் கிடந்தால் அந்த ஊர் மொழியாகிவிடும்.

"யாரோ அம்மா என்று கூப்பிட்டார்கள்" என்றார்.

"நான்தாங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். ஷூ, டை, பட்டையில் இருந்த பெயர், முகம்.

"இல்லை. கூப்பிட்டவன் இதைவிடச் சின்னவன். குரலைக் கேட்டேனே. ரொம்பக் களைத்துப்போயிருந்தான்."

"அது நான்தான். அன்றைக்குத்தான் இந்த ஊருக்கு வந்தேன்."

"நீங்கள் பெரியவராக இருக்கிறீர்கள்" என்றார். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான். என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். "அவன் எங்கே? உங்களோடு வந்தானா?"

லெயோட்டாவும் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். மேட்டுப் பாதை வெறுமையாக இருந்தது.

யாருடைய தட்டலுக்கும் என்னை ஏற்றுக்கொண்ட ஊர் அது. விட்லாக்கின் விறகை அடுக்கியிருக்கிறேன். அவன் சார்பாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பார்ரோஸ் உடைத்த ஒரு பூந்தொட்டிக்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். என் சொந்தத் தட்டலுக்கு மட்டும் நான் போதவில்லை. தயாராக இருந்த வாக்கியம் ஒன்றும் நினைவில் இல்லை.

"அவன் வந்துவிடுவான்" என்றேன்.

"தண்ணீரை இங்கேயே வைக்கிறேன். நீங்கள் குடித்துவிட வேண்டாம்."

"இல்லைங்க, தொட மாட்டோம்."

டம்ளரைப் படியில் வைத்தார். ஈ விழாமல் மேலே ஒரு சிறிய தட்டை மூடினார். பிறகு வாசலிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கதவைச் சாத்தவில்லை. நாங்கள் விடைபெற்றபோது தலையசைத்தார். பார்வை மட்டும் பாதையிலேயே இருந்தது.

எனக்குத் தாகமாக இருந்தது. இறங்கும்போது லெயோட்டா பின்னால் நொண்டிக்கொண்டு வந்தான். பாதி வழியில் என் தோளில் கை போட்டான், சாக்ஸ் நனைந்த காலின் பாரம் முழுவதையும் என் மேல் சாய்த்துக்கொண்டு நடந்தான். நான் தாங்கினேன்.

பேருந்தில் அவன் ஷூவைப் போட்டதும் ஓட்டுநர் செய்தித்தாளின் பக்கங்களைத் திரும்ப வாங்கி அடுக்கினாள். வண்டி புறப்பட்டது. இப்போது கிளம்பினாலும் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று லெயோட்டா கணக்குப் போட்டான். நானும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஊருக்கு வெளியே மூன்றாவது கிலோமீட்டரில் கேட் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு பால் வண்டியும் இரண்டு கார்களும் நின்றிருந்தன. கடல் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. பெரிய அலைகள் முன்னால் போய்விட்டன. சின்ன அலைகள் நடுவில் நின்று நின்று, சாலையோரப் புல்லை முகர்ந்துகொண்டு போயின. பச்சைக் கோட்டுப் போட்ட ஒருவர் நீளக் கம்பால் அவற்றை மெதுவாக அந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டார்.

ஓட்டுநர் எழுந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் பாதிக் கடல் வரணும்" என்றாள்.

லெயோட்டா சாப்பாட்டுக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பித்தான். நாங்கள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.