மூன்று பூட்டும் ஒரு சுவரும்

வாடகைக்கு விட்ட வீட்டில் சுவர் ஈரமானால் உடனே பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். இதைச் சொல்ல இன்ஜினியர் தேவையில்லை. என் கணவரோடு கொஞ்ச காலம் குடித்தனம் நடத்தினால் போதும், எதைச் செய்யக் கூடாது என்பது தானாக விளங்கிவிடும்.

அந்த வீடு என் கணவருடையது என்று சொன்னால் அவர் அக்காவுக்குக் கோபம் வரும். அக்காவுடையது என்றால் தம்பிக்கு வரும். மாமனார் மாமியாருக்குப் பிறகு மூவருக்கும் பொதுவாக வந்த வீடு. நாங்கள் பக்கத்துத் தெருவில் இருப்பதால் ஆள் பிடிப்பது, குழாய் மாற்றுவது, குடியிருப்பவர்களிடம் பேச்சு வாங்குவது எல்லாம் என் தலையில். சொத்து அவர்களுக்கு, சோதனை எனக்கு.

ஹாலை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. அதை மட்டும் நாங்கள் வாடகைக்கு விடவில்லை. பெரியவர்களின் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் அதில் போட்டு, யாருக்கு எது என்று பேசி முடியாமல், மூன்று பேரும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். ஒரே கதவில் மூன்று பூட்டு. ஒருவர் இல்லாமல் மற்றவர் உள்ளே போக முடியாது. இந்த அருமையான யோசனை என் நாத்தனாருடையது. அதோடு அவரும் என் கொழுந்தனாரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பூட்டுகள் மட்டும் ஒற்றுமையாகத் தொங்கின.

இப்போது குடியிருப்பவர் ஒரு டெய்லரம்மா. கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். இந்த அம்மா ஹாலில் மேசை போட்டு பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கிறார். வீட்டைத் தன் வீடு மாதிரி வைத்துக்கொள்கிறார். ஜன்னல் கொக்கி கழன்றால்கூட எனக்கு போன் செய்யாமல் தானே முடுக்கிவிடுவார். இப்படி ஒரு ஆள் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று நினைப்பேன். அந்தப் புண்ணியத்தை வீணாக்கத்தான் வீட்டில் ஒருவர் இருக்கிறாரே.

அறைக்கும் ஹாலுக்கும் பொதுவான சுவரில் முதலில் ஒரு கறை வந்தது. என் கணவர் பெயின்டரைக் கூப்பிட்டார். கறை பெரிதாகத் திரும்பி வந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டார். அவர் பூச்சைக் கொத்தி, ஏதோ ரசாயனம் கலந்து புதிதாகப் பூசினார். "தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பூசச் சொன்னாங்க, பூசிட்டேன்மா" என்றார். புதுப் பூச்சும் உப்புப் பூத்து உதிர்ந்தது. அடுத்து என் கணவர் சுவர் முழுவதும் பிளைவுட் பலகை அடித்து மறைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்னவென்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். மழைக்காலம் வருவதற்குள் பலகையும் உப்பிக்கொண்டது.

"அந்த ரூமைத் திறந்து பாத்தா என்ன?" என்றேன்.

"யாருமே இல்லாத ரூம்ல தண்ணி எப்படி வரும்? கொஞ்சம் யோசிச்சுப் பேசு" என்றார் யோசனைத் திலகம்.

பிறகு அவரே காரணத்தைக் கண்டுபிடித்தார். டெய்லரம்மாவின் ஸ்டீம் அயன் பாக்ஸ். அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் சுவரில் போய்த் தங்குகிறதாம். போதாததற்கு மேல்தொட்டி சீக்கிரம் காலியாகிறது, அந்த அம்மா தண்ணீரை வாரி இறைக்கிறார் என்று இன்னொரு பழி. நேரில் போய்ச் சொல்லியே விட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாளிலிருந்து டெய்லரம்மா தைத்த சட்டைகளை வெளியே கடையில் கொடுத்துத் தேய்த்து வாங்கினார். அயன் பாக்ஸ் பரண் ஏறியது. சுவர் மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"பழைய ஆவி உள்ள தங்கியிருக்கும். மெதுவாத்தான் வெளிய வரும்."

இந்த மனிதரை நான் ஆசைப்பட்டுத்தான் கட்டிக்கொண்டேன் என்பதை நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை.

ஒரு நாள் டெய்லரம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டு வெள்ளைச் சட்டைகளைப் பிரித்துக் காட்டினார். தோள்பட்டையிலெல்லாம் கருப்புக் கருப்பாகப் பூஞ்சை.

"இதை நான் என் கைக்காசு போட்டு மறுபடி தைச்சுக் குடுத்துடுவேன்க்கா. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஸ்கூல்ல ஆர்டரை வேற ஆளுக்கு மாத்திடுவாங்க. இதை வெச்சுத்தான் நான் பொழைக்கிறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கிறேன். அப்புறம் காலி பண்ணிடுவேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர் போய்விட்டால் இந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வேறு யார் வருவார்கள்? அது கூடப் பெரிதில்லை. செய்யாத தப்புக்கு ஒரு பெண் தொழிலை இழக்கப் போகிறாள், அதுவும் என் வீட்டுக்காரரால். எனக்கு அதுதான் ஆறவில்லை.

சாவி வேட்டையில் இறங்கினேன். நாத்தனாருக்கு போன் செய்தேன். "சின்னவன் வந்தா நான் வரமாட்டேன்" என்றார். "சாவியை மட்டுமாவது குடுங்க அண்ணி" என்றேன். "நான் இல்லாம திறந்து என் பீரோவை யாராவது தூக்கிட்டா?" என்றார். கொழுந்தனார் வேறு ஊரிலிருந்து, "அக்கா முதல்ல தன் சாவியைக் குடுக்கட்டும் அண்ணி, அப்புறம் நான் அனுப்புறேன்" என்றார். என் கணவரோ தன் சாவியை எங்கே வைத்தார் என்பதையே மறந்திருந்தார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். கேட்டால் இடித்த புளி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "அவசரப்படாதே, பேசி முடிவெடுப்போம்" என்றார். இவர்கள் பேசி முடிவெடுத்த லட்சணம்தான் கதவில் தொங்குகிறதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனபோது வாசலில் சாமான் வண்டி நின்றது. தையல் மேசையை அதில் ஏற்றியாகிவிட்டது. டெய்லரம்மா துணிக் கட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "ஒரு மணி நேரம் பொறுங்க" என்று கெஞ்சிவிட்டு நேராக வெல்டிங் கடைக்குப் போய் ஆளைக் கூட்டி வந்தேன்.

"மூணையும் அறுக்கணுமாம்மா?" என்றார் அவர்.

"கதவையே அறுத்தாலும் சரி."

செய்தி எப்படித்தான் பறந்ததோ, கடைசிப் பூட்டு விழுவதற்குள் என் கணவரும் நாத்தனாரும் வந்து சேர்ந்தார்கள். நாத்தனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கதவைத் தள்ளினேன். புழுங்கிய நாற்றம் முகத்தில் அடித்தது. பீரோவின் அடிப்பலகை ஊறிப் பிளந்திருந்தது. கட்டிலைக் கரையான் தின்று முடித்திருந்தது. யாருடைய சாமான் எது என்று இனிப் பெற்றவர்களே எழுந்து வந்தாலும் சொல்ல முடியாது. பங்கு பிரிக்கிற வேலை மிச்சம்.

பொதுச் சுவரில் பதித்திருந்த வாஷ்பேசினில் குழாய் சரியாக மூடாமல் இருந்தது. நூல் மாதிரி தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பேசினுக்குக் கீழே வடிகால் பைப் கழன்று தொங்க, விழுந்த தண்ணீரில் பாதி சுவரில் இறங்கியது, மீதி மூலை ஓட்டை வழியாகக் கொல்லைப்பக்கச் சாக்கடைக்குப் போனது. நான் உள்ளே போய்க் குழாயைத் திருகினேன். நின்றுவிட்டது. பெயின்டர், கொத்தனார், ரசாயனம், பலகை, ஆவி எல்லாவற்றுக்கும் மருந்து அந்த ஒரு திருகல்தான்.

"பூட்டுப் போட்ட அன்னிக்கு தொட்டியில தண்ணி இல்ல. நீதான் கை கழுவப் போனே" என்றார் நாத்தனார்.

"நானா? நீதான் குழாயைத் திருகிப் பாத்துட்டு, தண்ணி வரலேன்னு அப்படியே விட்டுட்டு வந்தே!" என்றார் என் கணவர்.

என் கணவர் கூப்பிட்ட போனில் கொழுந்தனாரும் சேர்ந்துகொண்டார். அக்காவும் கடைசித் தம்பியும் எத்தனையோ நாளைக்குப் பிறகு பேசிக்கொண்டது இந்தக் குழாய்க்காகத்தான். வாசற்படியில் நின்ற டெய்லரம்மாவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "போதும்! முதல்ல அவங்ககிட்ட பேசுங்க" என்று கத்தினேன்.

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரிம்மா, குழாயை மூடியாச்சு. இனிமே நீங்களும் பாத்து அயன் பண்ணுங்க."

கையிலிருந்த அறுந்த பூட்டை அவர் மேல் எறியாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

டெய்லரம்மா கோபப்படவில்லை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து சுவரில் கை வைத்துப் பார்த்தார்.

"சார், இந்தச் செவுரு எதனால நனைஞ்சுது?"

"அதான் பாத்தீங்களே."

"நான் பாத்தேன். நீங்க சொல்லுங்க. என் அயன் பாக்ஸாலதான்னு நீங்கதானே சொன்னீங்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தார். அக்கா பீரோவைப் பார்த்தார். வண்டிக்காரர்கூட வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"எங்க குழாய்தான்" என்றார் கடைசியில், குரலே எழும்பாமல். "நாங்க பூட்டி வெச்ச குழாய். உங்க அயன் பாக்ஸ் இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன்."

டெய்லரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வண்டிக்காரரிடம் திரும்பினார்.

"மேசையை இறக்கிடுங்கண்ணே. ஹால் காயிற வரைக்கும் பெட்ரூம்ல போட்டுக்கிறேன்."

"இந்த ரூமும் இனி உங்களுக்குத்தான். குப்பையை அள்ளி, காயவெச்சுத் தர்றேன். துணி வெச்சுக்குங்க" என்றேன்.

"அதெப்படி?" என்று நாத்தனார் கைப்பைக்குள் கையை விட்டார். அட்டை பிரிக்காத புதுப் பூட்டு ஒன்று வெளியே வந்தது. என் கணவரின் கையும் சட்டைப் பைக்குள் போனது. அங்கேயும் ஒரு பூட்டு. இவ்வளவு நடந்த பிறகும்!

நான் இரண்டு பூட்டையும் வாங்கிக்கொண்டேன். பெரியதை, அதன் சாவிகளோடு, டெய்லரம்மாவின் கையில் வைத்தேன்.

"இதைப் போட்டுக்குங்க. இவங்க யாராவது உள்ள போகணும்னா உங்ககிட்ட கேட்டுட்டுப் போவாங்க" என்றேன்.